வெயில் ஊரில் பின்னலும் ஒட்டுத்துணிப் போர்வையும்: யார் யார் செய்கிறீர்கள், எந்த நூலில்?

நூல்கண்டு (லாசுப்பேட்டை):

புதுச்சேரி டவுன் பஸ்ஸில் பின்னல் ஊசியை வெளியே எடுத்தால் போதும், பக்கத்து இருக்கையிலிருந்து கேள்வி வந்துவிடும்: "ஊட்டிக்குப் போகிறீர்களா அம்மா?" வீட்டுக்கு வருகிறவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், "இந்த வேக்காட்டில் போர்வை தைக்கிறாயே, வேறு வேலை இல்லையா?" என்கிறார்கள். வேறு வேலை தலைக்கு மேல் இருக்கிறது. அதனால்தான் இது வேண்டியிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நம் பக்கத்தில் பின்னல் பழகுகிறவர்கள் பெரும்பாலும் கடையில் கிடைக்கும் அக்ரிலிக் நூலை வாங்குகிறார்கள். குளிர்நாட்டுக்காரர் எழுதிய குறிப்பைப் பார்த்து ஸ்வெட்டரோ மப்ளரோ பின்னுகிறார்கள். அது நேராக பீரோவுக்குள் போய்விடுகிறது. கேட்டால், பின்னல் நம் ஊருக்கு ஒத்துவராது என்கிறார்கள். ஒத்துவராதது நூல்தான், பின்னல் அல்ல.

என் கட்சி இது: கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் பின்னுகிறவர்களுக்குப் பருத்திதான் சரி. அதுவும் பந்தாகச் சுற்றி, பளபள லேபிள் ஒட்டி, விலை ஏற்றி விற்கிறார்களே, அது வேண்டாம். தறிக்குப் போகும் சிட்டம் நூலே, அதாவது வளையமாகச் சுற்றிக் கட்டிய நூலே போதும். அதன் கணக்கைப் பார்த்துத்தான் பலரும் மிரளுகிறார்கள். ஒரு பவுண்டு எடைக்கு 840 கெஜச் சிட்டம் எத்தனை நிற்கிறதோ அதுதான் நூல் நம்பர். 20ஆம் நம்பர் என்றால் பவுண்டுக்கு 20 சிட்டம், அதாவது 16,800 கெஜம். இரண்டு இழை முறுக்கிய 2/20 என்றால் அதில் பாதி, 8,400 கெஜம். அந்த 2/20ஐ எட்டு இழையாகச் சேர்த்தால் பவுண்டுக்கு 1,050 கெஜம். 100 கிராமுக்கு 210 மீட்டரை ஒட்டி வரும். வெளிநாட்டுக் குறிப்புகளில் 'டி.கே.' என்று போட்டிருக்கும் கனம் ஏறக்குறைய இதுவே. 4 மில்லிமீட்டர் ஊசியில் நன்றாக உட்காருகிறது. அரைக்கை மேல்சட்டை, ஏ.சி. பஸ்ஸில் தோளில் போட்டுக்கொள்ள ஒரு மெல்லிய சால்வை, பை, தலையணை உறை என்று வீட்டில் அன்றாடம் புழங்கும் பொருள்களைப் பின்னலாம்.

ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிறவர்களிடம் ஒரு கேள்வி. மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவில் என்ன வைக்கிறீர்கள்? பாலியெஸ்டர் பஞ்சு விரிப்பை வைத்துத் தைத்த போர்வையை மார்கழியில்கூடப் போர்த்த முடிவதில்லை.

வெயில்காலம் (நெல்லித்தோப்பு):

கோபித்துக்கொள்ள வேண்டாம் அக்கா. எட்டு இழையை ஒன்றாகப் பிடித்தால் ஊசிமுனை நாலை எடுத்து நாலை விட்டுவிடும். பிறகு பின்பக்கமெல்லாம் தொங்கல். எனக்கு அக்ரிலிக் போதும். துவைத்தால் சீக்கிரம் காய்கிறது, பூச்சி தொடுவதில்லை, விலை கைக்கு அடக்கம். சிட்டம் நூலைப் பிரித்து உருண்டை ஆக்குவதற்குள் நான் ஒரு தொப்பியே முடித்துவிடுவேன்.

புதுவிரல் (அரியாங்குப்பம்):

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். இப்போதுதான் பழகுகிறேன். கடையில் வாங்கிய ஊசி 8ஆம் நம்பர். குறிப்பிலும் 8 என்றே போட்டிருக்கிறது. ஆனால் மாதிரித் துண்டு, குறிப்பில் சொல்லும் அகலத்துக்கு வரவே மாட்டேன் என்கிறது. என் கை அவ்வளவு இறுக்கமா?

நூல்கண்டு:

உங்கள் கையில் கோளாறு இல்லை, புதுவிரல். நம் கடைகளில் விற்கும் ஊசிகளுக்குப் பழைய ஆங்கிலேய நம்பர். அதில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும்: 8 என்றால் 4 மி.மீ., 10 என்றால் 3.25, 12 என்றால் 2.75. அமெரிக்க நம்பர் நேர் எதிர். ஏற ஏறத் தடிக்கும். அவர்களுடைய 8 என்பது 5 மி.மீ. நீங்கள் பார்த்த குறிப்பு அமெரிக்கக்காரருடையதாக இருக்கும். நம்பரை விட்டுவிட்டு மில்லிமீட்டரை மட்டும் பாருங்கள். ஊசியின் மறுமுனைக் குமிழில் எழுதியிருக்கும். அழிந்துபோயிருந்தால் ஓட்டை அளவுகோலில் நுழைத்துப் பாருங்கள்.

வெயில்காலம் தம்பி, எட்டு இழையும் தனித்தனியாக ஓடினால் நீர் சொல்வது நடக்கும். பின்னுவதற்கு முன்பு ராட்டையிலோ தக்கிளியிலோ ஏற்றி லேசாக ஒரு முறுக்குக் கொடுத்துவிட்டால் பிரியாது. ஊசிமுனையும் கூராக இருக்கக் கூடாது, சற்று மழுங்கியிருக்க வேண்டும். அக்ரிலிக்கைப் பூச்சி தொடாது என்பது சரிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அதில் அடுப்படிக் கைப்பிடித் துணி பின்னிவிடாதீர். சூட்டில் உருகிக் கையில் ஒட்டிக்கொள்ளும்.

கெடிலக்கரை (மஞ்சக்குப்பம், கடலூர்):

நடுவில் என்ன வைப்பது என்று கேட்டிருந்தீர்கள். பஞ்சு எதுவும் வைக்க வேண்டாம் என்பது என் பதில். பழைய நூல் சேலை இருக்கும்போது பஞ்சு எதற்கு?

எங்கள் வீட்டில் பாட்டி காலத்திலிருந்து நடப்பதைச் சொல்கிறேன். முதலில் சேலையில் மிச்சமிருக்கும் கஞ்சி முழுக்கப் போகும்படி அலச வேண்டும். கஞ்சி இருந்தால் வெள்ளிப்பூச்சி தேடி வந்துவிடும். காய்ந்ததும் சேலையை ஜன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடித்து ஒரு முறை முழுவதும் ஓட்டிப் பாருங்கள். உட்காரும் இடத்தில் நூல் விலகி வெளிச்சம் சல்லடையாகத் தெரியும். தரையில் இழுபட்ட கீழ்க்கரை நைந்திருக்கும். இடுப்பில் செருகும் உள்முனை மட்டும் வாங்கிய அன்று இருந்த நிறத்திலேயே இருக்கும், வெயிலே படாத பாகம் அல்லவா! அதை அரை முழத்துக்கு வெட்டித் தனியாக எடுத்துவையுங்கள். மேல்துணிக்கு அதைவிட நல்ல நிறம் எந்தக் கடையிலும் கிடைக்காது. நைந்த பாகங்கள் நடு அடுக்குக்குப் போகும்.

தரையைத் துடைத்துக் காயவிட்டு, அடித்துணியை விரித்து, நாலு மூலையிலும் அம்மிக் குழவி, உரல் உலக்கை, எது கிடைக்கிறதோ அதை வைத்து இழுத்துப் பிடிக்க வேண்டும். மேலே இரண்டு அடுக்கு. பிறகு நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, கையளவு இடைவெளியில், பெரிய பெரிய தற்காலிகக் கச்சாத் தையல். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் துணி நடுவில் கூடிக் குமிழாக நிற்கும், பிறகு என்ன செய்தாலும் படியாது. கச்சாத் தையல் முடிந்தபின் ஓட்டத்தையல். ஊசியைக் குத்தி இழுத்துக் குத்தி இழுத்துப் போகக் கூடாது. இடது கை விரலால் துணியை அடியிலிருந்து மேலே தள்ளித் தள்ளிக் கொடுத்தால், ஊசி தானாக நாலைந்து தையலைக் கோத்துக்கொண்டு வரும். அப்போதுதான் இழுக்க வேண்டும். தையல் ஒரே அளவில் வருவது இந்த ஒரு பழக்கத்தால்தான்.

இப்படித் தைத்தது ஃபேனுக்கு அடியில் மே மாதத்திலும் போர்த்தக்கூடியது. துவைக்கத் துவைக்க மிருதுவாகும்.

இலவம் பஞ்சை யாரும் நினைக்கக்கூட வேண்டாம். ஒரு துவைப்பில் எல்லாம் ஒரு மூலைக்கு ஓடிக் கட்டி கட்டியாக நிற்கும்.

செவிலி (ஜிப்மர் பக்கம்):

கெடிலக்கரை அக்கா சொல்லும் சேலைப் போர்வையை எங்கள் ஊரிலும் பிள்ளைப்பேற்றுக்குத் தைத்துத் தருகிறார்கள். ஒரே ஒரு எச்சரிக்கை. ஒரு வயது நிரம்பாத குழந்தை தூங்கும்போது இதைக் குழந்தைக்கு மேலே போர்த்தக் கூடாது, தலைக்கு அணையாகவும் வைக்கக் கூடாது. முகத்தின் மேல் ஏறினால் அதற்கு விலக்கத் தெரியாது. பகலில், நாம் பக்கத்தில் இருக்கும்போது, தரையில் விரித்துக் குப்புறப் போட்டு விளையாடவிடுவதற்கு இதைவிட நல்லது இல்லை. பின்னிய சட்டைகளில் பொத்தானுக்குப் பதில் நாடா வைத்து முதுகுப்பக்கம் கட்டுங்கள்.

சொல்தா பேத்தி (பாரிஸ் புறநகர், பூர்வீகம் புதுச்சேரி):

தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். பாட்டி கன்னியர் பள்ளியில் குரோஷா, அதாவது கொக்கி ஊசிப் பின்னல், கற்றவர். பாட்டி போட்ட மேசை விரிப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. நூல் அவ்வளவு மெல்லியது, பூதக்கண்ணாடி இல்லாமல் கண்ணியை எண்ண முடியாது.

ஒட்டுத்துணிப் போர்வை குளிர்நாட்டுச் சமாசாரம் என்று இங்கே எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டது போலத் தெரிகிறதே! பிரான்சின் தெற்கே புரோவான்ஸ் நல்ல வெயில் பூமி. அங்கேதான் 'பூத்தி' என்னும் மெத்துத்தையல், அதாவது துணி அடுக்குகளைச் சேர்த்துப் போடும் தையல், தழைத்தது. பெண்கள் பாவாடையைக்கூட அப்படித்தான் தைத்தார்கள். அவர்கள் ஆசை ஆசையாகப் பயன்படுத்திய பூ அச்சுப் பருத்தித் துணிக்கு 'இந்தியேன்' என்றே பெயர். சோழமண்டலக் கரையிலிருந்தும் சூரத்திலிருந்தும் கப்பலேறியது. உள்நாட்டுப் பட்டு, கம்பளிக்காரர்களின் பிழைப்புக் கெடுகிறது என்று பிரெஞ்சு அரசு 1686இல் அந்தத் துணிக்குத் தடை போட்டது. 1759 வரை தடை நீடித்தது. ஆனாலும் ஜனங்கள் உடுத்துவதை விடவில்லை. ஆகவே நம் கரைத் துணியில் மெத்துத்தையல் போடுவதற்கு நாம் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

இங்கே நான் கம்பளியில்தான் பின்னுகிறேன். நூல்கண்டு அம்மா திட்டக் கூடாது. வெளியே பனி கொட்டுகிறது.

நூல்கண்டு:

திட்டுவேனா! பனி கொட்டும் ஊரில் கம்பளிதான் நியாயம். அதைப்போலத்தான் உப்புக்காற்று ஊரில் பருத்தி என்கிறேன். கம்பளிக்கு ஒரு குணம் உண்டு. இழுத்தால் நீளும், விட்டால் பழைய அளவுக்குச் சுருங்கும். பருத்திக்கு அந்தச் சுருக்கம் கிடையாது. அதனால் கம்பளிக்கு எழுதிய குறிப்பில் பருத்தியை வைத்துப் பின்னினால் மணிக்கட்டுப் பட்டை தொளதொளவென்று தொங்கும். சட்டை தன் கனத்தாலேயே நீளும். இடுப்புப் பட்டைக்கு ஒரு நம்பர் மெல்லிய ஊசி எடுங்கள். துவைத்தால் கொடியில் தொங்கவிடாமல் பாயில் படுக்கப் போட்டு உலர்த்துங்கள். மாதிரித் துண்டையும் துவைத்துக் காயவைத்த பிறகே அளக்க வேண்டும். பத்து சென்டிமீட்டருக்குக் குறையாத சதுரம்.

வெயில்காலம்:

சரி, எனக்கும் கொஞ்சம் தெரியும் என்று காட்டிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மகாத்மா காந்தி சாலைச் சந்தையில் ஏற்றுமதியில் கழிந்த பின்னலாடை குவியலாகக் கிடக்கிறது. அதில் கை வைத்துத் தேடினால் நல்ல பருத்தி நூலில் பின்னிய ஸ்வெட்டர் கிடைக்கும். அதைப் பிரித்து நூலாக்கலாம். ஆனால் வாங்குவதற்கு முன்பு உள்பக்கம் திருப்பி, பக்கவாட்டுத் தையலைப் பார்க்க வேண்டும். ஓரம் ஒழுங்காக முடிந்து, இரண்டு பாகத்தையும் சங்கிலித் தையலால் சேர்த்திருந்தால் ஒரே இழையாகப் பிரிந்து வரும். ஓவர்லாக் அடித்திருந்தால் தொடவே தொடாதீர்கள். துணியை வெட்டித் தைத்திருக்கிறான் என்று அர்த்தம். ஒவ்வொரு வரிசையும் தனித்தனித் துண்டாகக் கையில் வரும்.

லேபிள் இருக்காது. ஓரத்தில் ஒரு இழை பிடுங்கித் தீக்குச்சியில் காட்டுங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பல் உதிரும். கம்பளி முடி கருகும் வாசனை வரும், தீயை விலக்கினால் அணைந்துவிடும். அக்ரிலிக் உருகிக் கறுப்பு மணியாக இறுகும். கடைக்காரர் முன்னால் செய்யாதீர்கள், அடிக்க வருவார்.

புள்ளிக்கோலம் (திருப்பாதிரிப்புலியூர்):

கோலத்தைப் பின்னலில் கொண்டுவர ஆசைப்பட்டுக் கட்டத்தாளில் வரைந்து பார்த்தேன். தாளில் வட்டமாக இருப்பது பின்னியதும் நசுங்கிப் போகிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

நூல்கண்டு:

சாதாரணக் கட்டத்தாள் சதுரம். பின்னலின் கண்ணி சதுரம் அல்ல. அகலம் அதிகம், உயரம் குறைவு. டி.கே. கனத்தில் பத்து சென்டிமீட்டருக்கு அகலத்தில் 22 கண்ணி என்றால், உயரத்தில் 28 வரிசை பிடிக்கும். அதே விகிதத்தில் கட்டம் போட்டுக்கொண்டு, அதில் கோலத்தை வரையுங்கள். தாளில் பார்த்தால் கட்டங்கள் பட்டையாக இருக்கும், பின்னினால் கோலம் சரியாக நிற்கும்.

ஆனால் ஒன்று சொல்வேன். சிக்குக் கோலத்தைப் பின்னலுக்குள் திணிப்பதைவிட, ஒட்டுத்துணிப் போர்வையின் மேல் தையல் கோடாகப் போடுங்கள். மெத்துத்தையலில் பெரிய தொல்லை நூலை வெட்டி வெட்டி முடிச்சுப் போடுவது. அதனால்தான் வெளிநாட்டுக்காரர்கள், ஊசி ஓரிடத்தில் இறங்கி எல்லாப் புள்ளிகளையும் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் கோடுகளைத் தேடி அலைகிறார்கள். நம் வாசலில் தினமும் அதைத்தான் போடுகிறோம். எல்லாச் சிக்குக் கோலமும் ஒரே இழையில் முடியாது. சிலதில் இரண்டு, மூன்று இழை வரும். ஒரே இழையில் முடிவதாகப் பொறுக்கி எடுங்கள். புள்ளியைத் தையல்காரர் சாக்குக்கட்டியால் வையுங்கள். கோட்டை முன்கூட்டியே வரையாதீர்கள். கைக்குப் பழகிய கோலம் என்றால் ஊசி தானே போகும்.

மில் தெரு (முதலியார்பேட்டை):

நூல் நம்பர் கணக்கைப் பார்த்ததும் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. அவர் ரோடியர் மில்லில் வேலை பார்த்தவர். விரலில் நூலை நெருடிப் பார்த்து நம்பர் சொல்வார். 1898இல் தொடங்கிய மில் 2020இல் மூடப்பட்டது. ஸ்வதேசி, பாரதி மில்களின் கதையும் வேறில்லை. எட்டு மணி நேர வேலை கேட்டு 1936 ஜூலை 30 அன்று 12 பேர் குண்டடிபட்டுச் செத்த ஊர் இது. அப்படிப்பட்ட ஊரில் நூல் கணக்கை இணையத்தில் தேடிக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அப்பா பின்னவில்லை, தைக்கவில்லை. ஆனால் அம்மா தைத்த ஒட்டுத்துணி விரிப்பின் தையலை ஒரு நாள் கண்ணாடி போட்டுக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ரசிகன் (முத்தியால்பேட்டை):

தலைப்பிலிருந்து விலகுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கச்சேரியில் முன்வரிசையில் உட்கார்ந்து சிலர் ஊசியும் நூலுமாகப் பின்னுகிறார்கள். மேடையில் பாடுகிறவரை இது அவமதிப்பதாகாதா? நூல்கண்டு அவர்கள் கச்சேரிப் பிரியர் என்று இங்கே வேறொரு விவாதத்தில் படித்தேன், அதனால் கேட்கிறேன்.

நூல்கண்டு:

முன்வரிசையில் கூடாது. ஓரத்து இருக்கை, மூங்கில் ஊசி. எஃகு ஊசி ஒன்றோடொன்று உரசினால் தம்பூராவுக்கு மேலே கேட்கும். பின்னுவதும் சாதாரண நேர்ப்பின்னலாக இருக்க வேண்டும். கை தன்பாட்டில் ஓடும், காது பாட்டில் இருக்கும். கைப்பேசியைத் தடவுகிறவரைவிட நான் எந்த விதத்தில் குறைந்தவள்?

ஏழு கண்ணிக்கு ஒரு பூ வரும் சல்லடைப் பின்னலை எடுத்துக்கொண்டு ஆதிதாளக் கிருதிக்கு முன்னால் உட்காருகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். எட்டு எண்ணும் கையும் ஏழு எண்ணும் மனமும் சண்டை போட்டுக்கொண்டு, கடைசியில் பூவும் போய்விடும், பாட்டும் போய்விடும். ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபு வரும்வரை காத்திருக்கலாம் என்று வேடிக்கையாகச் சொல்வேன்.

தெருக்கூத்து வேறு. திரௌபதி அம்மன் கோயில் பாரதக்கூத்து விடிய விடிய நடக்கும். பாயில் உட்கார்ந்து ஓட்டத்தையல் போட்டுக்கொண்டே பார்க்கலாம். கட்டியங்காரன் வந்தால் மட்டும் ஊசியை வைத்துவிடுவது நல்லது, சிரிப்பில் விரலில் குத்திக்கொள்ள நேரும்.

ரசிகன்:

ஒப்புக்கொள்கிறேன், பாதி மட்டும். ஆனாலும் இதைக் கலை என்று சொல்வது கொஞ்சம் அதிகம் இல்லையா? பழந்துணியை ஒட்டுப்போடுவது சிக்கனம். அதில் எனக்கு மரியாதை உண்டு. கலை என்றால் வேறு.

கெடிலக்கரை:

சிக்கனத்துக்காகச் செய்ததெல்லாம் கலையாகாது என்றால் வங்காளத்துக் காந்தாவை எங்கே வைப்பீர்கள் ஐயா? அதுவும் பழஞ்சேலைதான், ஓட்டத்தையல்தான். பழைய கரையிலிருந்து உருவிய வண்ண நூலில் யானையும் தேரும் தாமரையும் போட்டார்கள்.

சொல்தா பேத்தி:

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஆற்று வளைவில் ஒரு சிற்றூர். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததி அங்கே வாழ்கிறது. பெண்கள் கிழிந்த வேலை உடுப்பு, மாவுச் சாக்கு எல்லாவற்றையும் வெட்டிக் குளிருக்குப் போர்வை தைத்தார்கள். 2002இல் அந்தப் போர்வைகள் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகச் சுவரில் ஓவியங்களைப் போல மாட்டப்பட்டன. 2006இல் அமெரிக்க அஞ்சல்துறை அவற்றை அஞ்சல் தலையாக வெளியிட்டது. சுவருக்குப் போவதற்கு முன்பும் அதே போர்வைதான், ரசிகன் ஐயா. முழங்கால் பட்டு வெளுத்த இடம் ஒரு நீலம், பாக்கெட்டைப் பிரித்தெடுத்த இடம் இன்னொரு நீலம். அந்த இரண்டு நீலத்தையும் எங்கே வைப்பது என்று முடிவு செய்தது ஒரு கண்.

வலைக்காரர் மகன் (தேவனாம்பட்டினம்):

வணக்கம். நெடுநாளாகப் படிக்கிறேன், எழுதுவது இப்போதுதான். நான் ஆண். பின்னுகிறேன். வீட்டில் முதலில் சிரித்தார்கள். அப்பாவும் சித்தப்பாவும் கரையில் உட்கார்ந்து வலை பின்னுவதைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை; நூலைக் கொஞ்சம் மெலிதாக்கினால் மட்டும் சிரிப்பு வருகிறது. பெரு நாட்டில் தக்கீலே என்று ஏரிக்குள் ஒரு தீவு. அங்கே ஆண்கள்தான் தொப்பி பின்னுகிறார்கள், சிறுவயதிலேயே பழகிவிடுகிறார்கள். யுனெஸ்கோ அந்தத் தீவின் நெசவு, பின்னல் கலையைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. இதைச் சொன்ன பிறகு வீட்டில் சிரிப்பு அடங்கியது.

எனக்கு ஒரு சந்தேகம். பருத்தி நூல் தீர்ந்து அடுத்த உருண்டையைச் சேர்க்கும்போது என்ன முடிச்சுப் போடுகிறீர்கள்? கம்பளி என்றால் இரண்டு முனையையும் நனைத்து உள்ளங்கையில் தேய்த்தால் ஒட்டிக்கொள்ளும் என்கிறார்கள். பருத்தி ஒட்டாது. நான் வலை முடிச்சே போடுகிறேன். ஒரு முனையை வளையமாக மடித்துப் பிடித்து, இன்னொரு முனையை வளையத்துக்குள் அடியிலிருந்து மேலே விட்டு, வளையத்தின் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, தன் இழைக்கே அடியில் நுழைத்து இழுக்க வேண்டும். கடலில் மீன் கனத்துக்கு அவிழாதது சட்டையில் அவிழுமா என்பது என் நம்பிக்கை. தவறென்றால் சொல்லுங்கள்.

தறிவீடு (குறிஞ்சிப்பாடி):

தவறில்லை தம்பி. நீங்கள் விவரித்ததைப் படித்துக்கொண்டே கையில் போட்டுப் பார்த்தேன். தறியில் பாவு இழை அறுந்தால் நாங்கள் போடும் முடிச்சும் இதுவே. எங்கள் தாத்தா ஒற்றைக் கையால், பார்க்காமலே போடுவார். முடிச்சு சிறியதாக இருப்பதால் தறியில் இழை நுழைந்து போகும் விழுதுக் கண்ணிலும் அச்சுப் பல்லிலும் தடையில்லாமல் நழுவிப் போகும். அதனால் பின்னலிலும் உறுத்தாது. நுனியை அரை அங்குலம் விட்டு வெட்டிப் பின்பக்கம் செருகிவிடுங்கள். வழவழப்பான நூலில் மட்டும் இந்த முடிச்சை நம்பாதீர்கள், நழுவும்.

நூல்கண்டு அம்மாவின் கணக்கு சரி. ஆனால் சிட்டம் நூலை வாங்கப் போனால் ஒரு சங்கடம் இருக்கிறது. இரண்டு சிட்டம், மூன்று சிட்டம் என்று பிரித்துக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். வியாபாரம் கட்டுக் கணக்கில் நடக்கிறது. ஒரு கட்டு 10 பவுண்டு, சுமார் நாலரைக் கிலோ. ஒரு சட்டைக்கு 400 கிராம் என்று வைத்தாலும் ஒரு கட்டில் பதினோரு சட்டை. ஒரு வீட்டுக்கு அது ஏழு ஜென்மத்துக்கு வரும்.

இன்னொன்று. சாயம் போடாத வெள்ளைக் கட்டை அப்படியே பின்னாதீர்கள். அதில் பருத்தியின் இயற்கை மெழுகு இருக்கிறது. தண்ணீரில் போட்டால் நனையாமல் மிதக்கும். சலவைச் சோடா போட்டு நன்றாகக் கொதிக்கவைத்து அலசினால்தான் வியர்வையை உறிஞ்சும், சாயமும் ஏறும்.

புதுவிரல்:

சாயம் என்றதும் கேட்கிறேன். எனக்குச் சிவப்புக் கைலித் துணியும் வெள்ளையும் கலந்து போர்வை தைக்க ஆசை. சிவப்பு இறங்காமல் இருக்க உப்புத் தண்ணீரில் ஊறவைக்கச் சொல்கிறார்கள். வினிகர் என்றும் சிலர் சொல்கிறார்கள். எது சரி?

தறிவீடு:

இரண்டும் இல்லை. உப்பு, சாயத் தொட்டியில் சாயம் நூலில் ஏறுவதற்கு உதவும். ஏறி முடிந்த துணியை உப்பில் ஊறவைப்பதால் எதுவும் நிற்காது. வினிகர் பட்டுக்கும் கம்பளிக்கும் போடும் சாயத்துக்கு உரியது, பருத்திக்கு அல்ல. ஒட்டாமல் நிற்கும் உபரிச் சாயத்தை வெளியேற்றுவது ஒன்றே வழி. வெட்டுவதற்கு முன்பு, துணியைத் தனியாக, கை பொறுக்கும் சூட்டில் சோப்பு போட்டுத் தண்ணீர் தெளிவாகும்வரை அலசுங்கள். பிறகு ஈரத்தோடு ஒரு வெள்ளைத் துண்டின் மேல் வைத்து இஸ்திரி போட்டுப் பாருங்கள். துண்டில் கறை ஏறினால் அந்தத் துணியை வெள்ளைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், கருநீலத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். இப்படி முன்னதாகத் துவைத்தால் சுருங்க வேண்டியதும் சுருங்கிவிடும்.

மில் தெரு:

கருநீலம் என்றதும் இன்னொரு சங்கதி. பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரியிலிருந்து 'கீனே' என்று ஒரு நீலத்துணி ஆப்பிரிக்காவின் செனகலுக்குப் போனது. அங்கே அது கிட்டத்தட்டப் பணம் போலவே புழங்கியது. கருவேலம் பிசினுக்குப் பண்டமாற்று. அவுரிச் சாயம் ஏறிய துணி. உடுத்துகிறவர் தோலிலும் நீலம் இறங்கும், அதையே நல்ல துணிக்கு அடையாளமாகப் பார்த்தார்களாம். சாயம் இறங்குவதை நாம்தான் குறை என்கிறோம்.

நூல்கண்டு:

தறிவீடு அவர்களே, கட்டுக் கணக்குத்தான் சங்கடம் என்றால் நாம் சேர்ந்து வாங்கிவிடலாமே. ஒரு வெள்ளைக் கட்டு, ஒரு கருநீலக் கட்டு. நீங்கள் குறிஞ்சிப்பாடியில் எடுத்துக் கொடுத்தால், கெடிலக்கரை கடலூரில் வாங்கி வைப்பார், நான் பஸ்ஸில் வந்து எடுத்துக்கொண்டு இந்தப் பக்கத்துக்காரர்களுக்குப் பிரித்துத் தருகிறேன். சோடா போட்டுக் கொதிக்கவைப்பது என் பொறுப்பு, பெரிய அண்டா இருக்கிறது. யாருக்கு எவ்வளவு என்று எழுதுங்கள். காசு முன்கூட்டியே, இந்த விஷயத்தில் எனக்குத் தாட்சண்யம் கிடையாது.

கெடிலக்கரை:

எனக்குக் கருநீலம் அரைக் கிலோ. பின்னத் தெரியாது, குரோஷா போடுவேன். மூட்டையை வைக்க இடம் இருக்கிறது. பூனையும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வலைக்காரர் மகன்:

வெள்ளை ஒரு கிலோ. கடலூரிலேயே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

புள்ளிக்கோலம்:

வெள்ளையில் கால் கிலோ. போர்வையில் கோலக் கோட்டுக்குத் தைக்க எட்டு இழை வேண்டாம், 2/20ஐ அப்படியே இரட்டையாகப் பிடித்தால் ஆகுமா?

தறிவீடு:

ஆகும். ஊசியில் கோப்பதற்கு முன்பு தேன்மெழுகில் ஒரு முறை இழுத்துவிடுங்கள், சிக்காது. கட்டு விலையை வரும் வாரம் கேட்டு எழுதுகிறேன். நூல் விலை ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது, இன்றைக்குச் சொல்லி நாளைக்கு மாற்ற வேண்டாம்.

வெயில்காலம்:

எனக்கு அரைக் கிலோ கருநீலம் எழுதிக்கொள்ளுங்கள். அக்கா எட்டு இழையையும் முறுக்கித் தருவதாக இருந்தால் ஒரு கிலோ.